கடைமடைக்கு ரத்தம் வருமா?

பெருந்தமனி ஆபரேஷனுக்குப் பிறகு காலில் அசைவு போவது பற்றிச் சென்ற இதழில் சின்னதாக ஒரு பதில் எழுதியிருந்தேன். அதில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்று ஒரு பெயர் வந்தது. அதைப் பிடித்துக்கொண்டு ஆரல்வாய்மொழி முதல் களியக்காவிளை வரை கேள்விகள் வந்துவிட்டன. இந்த இதழ் முழுவதும் அவற்றுக்கே.

ஓய்வுபெற்ற ஆசிரியர், பூதப்பாண்டி: ஆபரேஷன் நடந்தது நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில். வாதம் வந்தது காலில். எப்படி?

காலுக்குக் கட்டளை போவது தண்டுவடத்திலிருந்து. தண்டுவடத்துக்கு ரத்தம் போவது, இதயத்திலிருந்து கிளம்பி முதுகெலும்பை ஒட்டி இறங்கும் பெருந்தமனியிலிருந்து. டாக்டர்கள் அதை அயோர்ட்டா என்பார்கள்.

தண்டுவடத்தின் முன்பக்கம் நெடுக ஒரே ஒரு தமனி, பின்பக்கம் இரண்டு. முன்பக்கத்து ஒற்றைத் தமனிதான் தண்டுவடத்தின் மூன்றில் இரண்டு பங்கைக் கவனித்துக்கொள்கிறது. காலை அசைக்கும் நரம்பணுக்கள் இருப்பதும் அந்தப் பங்கில்தான். வழிநெடுகப் பெருந்தமனியின் சிறு கிளைகள் வந்து சேர்ந்து அந்தத் தமனியை நிரப்புகின்றன. அவற்றில் பெரிய கிளையை 1880-களில் விரிவாக வரைந்து காட்டியவர் ஆல்பர்ட் ஆடம்கீவிச். இன்றும் அது அவர் பெயரில்தான் வழங்குகிறது. பெரும்பாலோருக்கு அது இடப்பக்கம், மார்பு முள்ளெலும்புகள் முடிகிற இடத்தருகே கிளம்புகிறது.

நாஞ்சில் நாட்டில் கடைமடை என்றால் விளக்கம் வேண்டியதில்லை. கன்னிப்பூ சாகுபடிக்குப் பேச்சிப்பாறை அணை திறந்தால் தலைமடை முதலில் நனையும். கால்வாய் மெலிந்து மெலிந்து போய்ச் சேரும் கடைசி வயலில், வரத்து கொஞ்சம் குறைந்தாலும் பயிர் வாடும். தண்டுவடத்திலும் அப்படிப்பட்ட கடைமடைகள் உண்டு. மேலிருந்து வரும் ரத்தமும் கீழிருந்து வரும் ரத்தமும் எட்டியும் எட்டாமலும் சந்திக்கிற இடங்கள் அவை. மார்பின் நடுப்பகுதியைப் பாடநூல்கள் அப்படித்தான் காட்டுகின்றன.

பெருந்தமனி வீங்கி, வெடிக்கும் நிலைக்கு வந்தால், வீக்கத்துக்கு மேலும் கீழும் கிளாம்ப் என்ற இடுக்கி போட்டு, நடுவில் டேக்ரான் துணிக்குழாயை வைத்துத் தைக்கிறார்கள். கிளாம்ப் இருக்கும் நேரமெல்லாம் அந்தக் கிளைகளில் ஓட்டம் குறையும், சிலவற்றில் நின்றே போகும். சில கிளைகளைத் திரும்ப இணைக்கவும் முடிவதில்லை. அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஸ்டான்லி க்ராஃபோர்டு என்ற அறுவை நிபுணர் செய்த 1,509 பேரின் ஆபரேஷன் கணக்கு 1993-இல் வெளிவந்தது. அதில் 16 சதவீதம் பேருக்குக் காலில் வாதமோ பலவீனமோ வந்திருந்தது. கை தேர்ந்த இடத்திலேயே அந்த நிலை. இன்று நல்ல மையங்களில் இந்த அளவு வெகுவாகக் குறைந்திருக்கிறது. பூஜ்யம் ஆகவில்லை.

விவசாயி, இறச்சகுளம்: ரத்தம் இல்லாமல் தண்டுவடம் எவ்வளவு நேரம் தாங்கும்?

வேறு பாதுகாப்பு எதுவும் இல்லையென்றால் ஏறக்குறைய 30 நிமிடம். அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் ஆபத்து ஏறும். ஒரு மணி நேரம் தாண்டினால் நிலைமை மிக மோசம். உடம்பைக் குளிரவைத்தால் இந்த நேரம் நீளும்.

செவிலியர், நெய்யூர்: எங்க ஊர் ஆஸ்பத்திரியில வேலை பார்த்த சோமர்வெல் டாக்டர், எவரெஸ்ட்ல ஆக்சிஜன் சிலிண்டர் இல்லாமலே ஏறினாராம். அவருக்குத் தண்டுவடம் ஒண்ணும் ஆகலியே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஹோவர்ட் சோமர்வெல் 1922-இலும் 1924-இலும் எவரெஸ்ட் குழுவில் இருந்தவர். முதல் பயணம் முடிந்து இந்தியாவைச் சுற்றிப் பார்க்கும்போது நெய்யூருக்கு வந்தார். அங்கே காத்துக் கிடந்த நோயாளிகளின் கூட்டத்தைப் பார்த்த பிறகு லண்டனில் காத்திருந்த பெரிய வாழ்க்கையை விட்டுவிட்டார். 1924-இல் குழுவில் இருந்த நார்ட்டனுடன் ஏறக்குறைய 28,000 அடி வரை சிலிண்டர் இல்லாமல் ஏறினார்.

அவர் ரத்தத்தில் அந்த உயரத்தில் ஆக்சிஜன் குறைவுதான். ஆனால் ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது. ஓடும் ரத்தம் சர்க்கரையைக் கொண்டுவரும், கழிவை அள்ளிக்கொண்டு போகும், இருக்கிற கொஞ்ச ஆக்சிஜனையும் பங்கு வைக்கும். வாரக்கணக்கில் படிப்படியாக ஏறியதால் உடம்பும் பழகிக்கொண்டது. கிளாம்ப் போட்ட தமனியில் இது எதுவுமே நடக்காது. ஆக்சிஜன், சர்க்கரை, கழிவு நீக்கம் எல்லாம் ஒரே நொடியில் நிற்கின்றன. உயிரணுவின் ஆற்றல் இருப்பு சில நிமிடங்களில் தீர்கிறது. உப்புகளை உள்ளும் புறமும் அளவாக வைத்திருக்கும் பம்புகள் நிற்கின்றன. நரம்புச் செய்தியைக் கடத்தும் குளூட்டமேட் வெளியே கொட்டுகிறது, கால்சியம் உள்ளே பாய்கிறது. அங்கேதான் அழிவு தொடங்குகிறது.

வாசகி, குலசேகரம்: எங்க அத்தானுக்கு ஆபரேஷன் முடிஞ்சு கண்ணு முழிச்சதும் ரெண்டு காலையும் நல்லா ஆட்டினாவ. மூணாம் நாள் விடியக்காலம் பார்த்தா கால் வரல்ல. டாக்டர் செய்த தப்பு தானே?

உங்கள் வீட்டுக்கு வந்த வேதனை புரிகிறது. ஆனால் மூன்றாம் நாள் கால் போனது ஆபரேஷனில் நடந்த தப்புக்கு அடையாளம் அல்ல. இதற்குத் தாமத வாதம் என்றே மருத்துவத்தில் தனிப் பகுப்பு உண்டு. சில மணி நேரத்திலும் வரும், சில நாள் கழித்தும் வரும்.

வறண்டு கிடந்த கடைமடைக்குத் திடீரென்று மடை திறந்தால் வரப்பு உடைவதில்லையா? ரத்தம் திரும்பி வரும்போது அதுதான் நடக்கிறது. ஆக்சிஜன் மொத்தமாக வந்து இறங்க, அணுக்களைத் துளைக்கும் வீரியமுள்ள மூலக்கூறுகள் உண்டாகின்றன. ரத்தத்தையும் தண்டுவடத்தையும் பிரிக்கும் தடுப்பு கசிகிறது. தண்டுவடத்தில் குடியிருக்கும் மைக்ரோகிளியா என்ற காவல் அணுக்கள் கிளர்ந்தெழுந்து அழற்சியைக் கிளப்புகின்றன. தண்டுவடம் எலும்புக் கூட்டுக்குள் இருப்பதால் வீங்கினால் விரிய இடமில்லை. வீக்கம் தன் ரத்தக் குழாய்களையே நெருக்குகிறது. இந்த நேரத்தில் ரத்த அழுத்தமும் இறங்கினால், தட்டுத்தடுமாறிப் பிழைத்திருந்த அணுக்களும் சாகின்றன.

இதைப் படிக்கிற மற்றவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். தாமத வாதத்தில் ஒரு நல்ல பக்கம் உண்டு. உடனே கண்டுபிடித்து அழுத்தத்தை ஏற்றி, தண்டுவடத்தைச் சூழ்ந்த திரவத்தை வடித்தால் பலருக்குக் கால் திரும்பியிருக்கிறது. வார்டில் கூட இருப்பவர்கள் “கால் கனக்குது”, “மரத்த மாதிரி இருக்கு” என்று நோயாளி சொன்னால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்கக் கூடாது. இரவு இரண்டு மணியானாலும் நர்ஸை எழுப்புங்கள். எழுப்பியதற்காக ஒருவர் கோபித்தால் கோபித்துவிட்டுப் போகட்டும்.

பிளஸ் டூ மாணவி, கருங்கல்: மைக்ரோ ஆர்.என்.ஏ. பற்றி எங்க பாடத்துல ஒரு வரிதான் இருக்கு. கொஞ்சம் விரிவா சொல்லுங்க.

மக்ளே, டி.என்.ஏ.-விலிருந்து தூது ஆர்.என்.ஏ., அதிலிருந்து புரதம் என்று படித்திருப்பாய். ஒரு மில்லிமீட்டர் நீளமுள்ள புழுவில் விக்டர் ஆம்ப்ரோஸ் ஒரு மரபணுவைத் தேடிக்கொண்டிருந்தார். லின்-4 என்ற அந்த மரபணு கிடைத்தபோது, அதிலிருந்து புரதமே உருவாகவில்லை. வெறும் 22 எழுத்து நீளமுள்ள குட்டி ஆர்.என்.ஏ. மட்டும் வந்தது. கேரி ருவ்குன் லின்-14 என்ற இன்னொரு மரபணுவை ஆராய்ந்துகொண்டிருந்தார். இருவரும் தங்களிடம் இருந்த எழுத்து வரிசைகளை ஒப்பிட்டார்கள். ஆம்ப்ரோஸின் குட்டி ஆர்.என்.ஏ., ருவ்குனின் மரபணுவிலிருந்து வரும் தூது ஆர்.என்.ஏ.-வின் வால்பகுதியில் பொருந்தியது. பொருந்தி, புரதம் உருவாவதைத் தடுத்தது.

1993-இல் இது வெளிவந்தபோது, புழுவுக்கு மட்டுமான விசித்திரம் என்று பலர் விட்டுவிட்டார்கள். 2000-இல் லெட்-7 என்ற இன்னொன்றை ருவ்குன் குழு கண்டது. அது மனிதன் உட்படப் பல விலங்குகளிலும் இருந்தது. அதன் பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 2024-இல் இருவருக்கும் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. மனித உடலில் இப்படி ஆயிரத்துக்கு மேற்பட்டவை தெரியவந்திருக்கின்றன. ஒன்றே ஒன்று நூற்றுக்கணக்கான தூது ஆர்.என்.ஏ.-க்களை அடக்கி வைக்கும். தேர்வுக்கு முதல் பத்தி போதும். உனக்கு இரண்டாவது பத்தியும் வேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

வாசகர், கொட்டாரம்: மைக்ரோ ஆர்.என்.ஏ. எங்கே கிடைக்கும்?

உங்கள் உடம்பில், ஏறக்குறைய ஒவ்வொரு உயிரணுவிலும். மருந்துக்கடையில் கிடைக்காது.

மருந்துக்கடை உரிமையாளர், மார்த்தாண்டம்: ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது என்கிறீர்கள். தண்டுவடத்தைக் காப்பது எது?

காப்பதும் உண்டு, கெடுப்பதும் உண்டு. அதனால் மருந்துக்கு இரண்டு வழி.

கெடுப்பதில் அதிகம் பேசப்படுவது மிர்-155 (மிர் என்பது மைக்ரோ ஆர்.என்.ஏ.-வின் சுருக்கம்). அழற்சி கிளம்பும்போது இதன் அளவு ஏறுகிறது. அழற்சிக்குக் கடிவாளம் போடும் புரதங்களை இது அடக்கிவிடுவதால் அழற்சி கட்டுமீறிப் போகிறது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஹம்தி அவாத் என்ற மயக்க மருந்து நிபுணரும் அவர் குழுவும் சுண்டெலிகளின் பெருந்தமனியைச் சற்று நேரம் கிளாம்ப் போட்டு, மனிதருக்கு வரும் தாமத வாதத்தையே அவற்றில் வரவழைத்தார்கள். மிர்-155 மரபணுவை நீக்கிய எலிகளில் வாதம் குறைந்திருந்தது. 2018-இல் வெளியான ஆய்வு இது. இந்த வழியில் மருந்து என்றால், மிர்-155-உடன் ஒட்டிக்கொண்டு அதைச் செயல்படவிடாமல் செய்யும் எதிர் இழை.

காப்பதில் முன்னால் நிற்பது மிர்-124. நரம்பணுக்களில் நிறைந்திருப்பது. மைக்ரோகிளியாவை அமைதியாக இருக்க வைப்பதில் இதற்குப் பெரிய பங்கு என்பதை ஹார்வர்டில் ஹோவர்ட் வைனரின் குழு 2011-இல் காட்டியது. இந்த வழியில் மருந்து என்றால், இதேபோன்ற செயற்கை இழையை உள்ளே செலுத்துவது. மிர்-27ஏ, மிர்-129 போன்றவற்றையும் விலங்குகளில் சோதித்திருக்கிறார்கள்.

என்னை இந்த ஆராய்ச்சியில் இழுப்பது நேரக் கணக்குதான். கிளாம்ப் போட்ட நிமிடத்தில் சாகிற அணுவை எந்த மருந்தாலும் எழுப்ப முடியாது. ஆனால் தாமத வாதத்தில் அணுக்கள் உயிரோடு இருக்கின்றன, கால் அசைகிறது. அழிவு வந்து சேர மணிக்கணக்கிலோ நாள்கணக்கிலோ அவகாசம் இருக்கிறது. அந்த இடைவெளியில் அழற்சியின் கழுத்தைப் பிடிக்க ஒரு கை கிடைத்தால் எத்தனை பேர் நடந்தே வீட்டுக்குப் போவார்கள்! வாதம் எந்த நாட்களுக்குள் வரக்கூடும் என்று முன்கூட்டியே தெரிந்து, மருத்துவமனைக்குள்ளேயே நோயாளியைக் கண்காணிக்க வாய்ப்புள்ள நோய்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று.

வங்கி ஊழியர், நாகர்கோவில்: எலிக்குச் சரி. மனிதருக்கு எப்போது?

தேதி சொல்ல மாட்டேன். ஏன் எளிதல்ல என்பதைச் சொல்கிறேன்.

ஒரு மைக்ரோ ஆர்.என்.ஏ. நூற்றுக்கணக்கான மரபணுக்களைத் தொடும் என்றேன். வேண்டியதைத் தொடும்போது வேண்டாததையும் தொடும். புற்றுநோய்க்கு மிர்-34-இன் செயற்கை வடிவத்தை மனிதரில் முதன்முதலாகச் சோதித்தார்கள். நோயாளிகளின் எதிர்ப்பாற்றல் கடுமையாகப் புரண்டு உயிருக்கே ஆபத்தானதால் 2016-இல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது. மறுபக்கம், கல்லீரலின் மிர்-122-ஐத் தடுக்கும் ஊசி ஹெப்படைட்டிஸ் சி வைரஸைக் குறைத்தது என்று 2013-இல் முடிவு வந்தது. வழி அடைபடவில்லை. ஆனால் மைக்ரோ ஆர்.என்.ஏ.-வைக் குறிவைத்து எந்த நோய்க்கும் இன்றுவரை அனுமதி பெற்ற மருந்து இல்லை.

எலியின் தண்டுவடம் சிறிது, வயது இளசு. நம் நோயாளிக்கு 68 வயதிருக்கும், சர்க்கரை இருக்கும், முப்பது வருடம் பீடி குடித்திருப்பார். எலியில் தண்டுவடத்தைக் காத்த எத்தனையோ மருந்துகள் மனிதரிடம் வந்து தோற்றிருக்கின்றன.

பொறுமையாகச் சோதிப்பதற்கு நம் பக்கத்து ஊர் உதாரணமே இருக்கிறது. திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரா நிறுவனத்தில் எம்.எஸ். வலியத்தான் தலைமையில் இந்தியாவின் முதல் செயற்கை இதய வால்வை உருவாக்கினார்கள். முதல் மூன்று வடிவங்கள் தோற்றன. நான்காவது வடிவம் ஆடுகளில் தேறி, 1990 டிசம்பரில் முதல் நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. பத்தாண்டுக்கு மேல் உழைத்தார்கள். அந்த வால்வு பிறகு ஆயிரக்கணக்கான ஏழைகளின் நெஞ்சில் துடித்தது. அவசரப்பட்டு மூன்றாவது வடிவத்தை மனிதருக்கு வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இல்லத்தரசி, சுசீந்திரம்: மருந்து வந்தாலும் தண்டுவடத்துக்குள் எப்படிப் போகும்? மாத்திரையா, ஊசியா?

மாத்திரை ஆகாது, வயிற்றில் சிதைந்துவிடும். கையில் ஊசி போட்டால் பெரும்பகுதி கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடும். நம்பிக்கை தரும் வழி இடுப்பு முதுகில் ஊசி வழியாகத் தண்டுவடத் திரவத்தில் நேரே செலுத்துவது.

இது கற்பனை இல்லை. தண்டுவடத் தசைச்சிதைவு என்ற குழந்தை நோய்க்கு நூசினெர்சென் என்ற மருந்தை இப்படித்தான் செலுத்துகிறார்கள். 2016 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது மைக்ரோ ஆர்.என்.ஏ. அல்ல, ஆனால் ஆர்.என்.ஏ.-வில் ஒட்டும் அதே வகைச் செயற்கை இழை. உட்காரவே மாட்டார்கள் என்று சொல்லப்பட்ட குழந்தைகளில் சிலர் அதனால் உட்கார்ந்தார்கள்.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. பெரிய பெருந்தமனி ஆபரேஷன்களில் தண்டுவடத் திரவத்தை வடிக்க முதுகில் மெல்லிய குழாய் ஏற்கெனவே வைக்கிறார்கள். நாளை மருந்து தயாரானால் உள்ளே போக வழி தயாராக இருக்கும்.

கல்லூரி மாணவர், தக்கலை: மருந்து வரும்வரை டாக்டர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்களா?

ஒருபோதும் இல்லை. ஒரு எளிய கழித்தல் கணக்கை வைத்தே பலரை நடக்கவைத்துவிட்டார்கள்.

தண்டுவடத்துக்கு ரத்தத்தைத் தள்ளும் விசை என்பது சராசரி ரத்த அழுத்தத்திலிருந்து தண்டுவடத் திரவத்தின் அழுத்தத்தைக் கழித்தால் வருவது. அழுத்தம் 90, திரவம் 10 என்றால் மிச்சம் 80. ஆபரேஷனில் ரத்தம் போய் அழுத்தம் 60-க்கு இறங்கி, வீக்கத்தால் திரவ அழுத்தம் 20-க்கு ஏறினால் மிச்சம் 40. பாதியாகிவிட்டது. ஆகவே ரத்த அழுத்தத்தை ஏற்று, திரவ அழுத்தத்தை இறக்கு. ஹூஸ்டனில் ஜோசப் கோசெல்லி 145 நோயாளிகளில் குலுக்கல் முறையில் திரவம் வடிப்பதைச் சோதித்தார். திரவம் வடிக்காதவர்களில் 13 சதவீதம் பேருக்கு வாதமோ பலவீனமோ வந்தது. வடித்தவர்களில் 2.6 சதவீதம். 2002-இல் வெளிவந்த இந்த முடிவு உலகம் முழுக்க நடைமுறையை மாற்றியது.

நியூயார்க்கில் ராண்டல் க்ரீப் இன்னொன்றைக் காட்டினார். ஆடம்கீவிச் தமனி ஒன்றையே நம்பித் தண்டுவடம் இல்லை. முதுகுத் தசைகளுக்குள் ஒரு வலைப்பின்னலே இருக்கிறது, நேரம் கொடுத்தால் அது வளரும். அதனால் சில மையங்களில் ஆபரேஷனை இரண்டு கட்டமாகப் பிரிக்கிறார்கள். ஜெர்மனியின் லைப்சிக்கில் கிறிஸ்டியன் எட்ஸ் குழு, பெரிய ஆபரேஷனுக்கு முன்பே சில சிறு கிளைகளைச் சுருள் வைத்து அடைத்து, வலைப்பின்னலை வளரத் தூண்டும் முறையைக் கொண்டுவந்தது.

பனையேறியின் மகன், மிடாலம்: அப்பா பனையிலிருந்து விழுந்து முதுகெலும்பு ஒடிஞ்சிட்டு. இந்த மருந்து அவருக்கும் உதவுமா?

விழுந்து நசுங்குவதும் ரத்தம் நின்று வாடுவதும் ஒன்றல்ல. ஆனால் நசுங்கிய பிறகு அடுத்த நாட்களில் நடப்பது ஏறக்குறைய ஒன்றே. வீக்கம், ரத்தக் குறைவு, அழற்சி. அதனால் தண்டுவடக் காயத்திலும் இந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.-க்களை ஆராய்கிறார்கள். புதிதாக அடிபட்டவர்களுக்கு முதல் வாரம் சராசரி ரத்த அழுத்தத்தை 85-இலிருந்து 90-க்குள் வைக்கச் சொன்ன சிகிச்சை வழிகாட்டல் உண்டு. நோக்கம் அதே, கடைமடைக்கு ரத்தம்.

உங்கள் ஊரில் பனையும் தென்னையும் ஏறுகிறவர்கள் வீட்டில் எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மரத்திலிருந்து விழுந்தவரைக் கையிலும் காலிலும் பிடித்துத் தூக்காதீர்கள், உட்காரவைக்காதீர்கள், ஆட்டோவில் மடக்கித் திணிக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள். வண்டி வரும்வரை ஒருவர் தலையையும் கழுத்தையும் அசையாமல் பிடித்துக்கொள்ளட்டும். வேறு வழியே இல்லையென்றால் கதவுப் பலகையில் நான்கு பேர் ஒன்றாக உருட்டிக் கிடத்துங்கள். விழுந்தபோது ஒடிந்தது எலும்பு மட்டுமாக இருந்து, தூக்கும்போது தண்டுவடம் போனவர்கள் உண்டு.

வாசகி, திருவட்டார்: என் தம்பி பத்து வருடமாக இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் இருக்கிறான். அவனுக்கு?

இந்த மருந்து வந்தாலும் அவருக்கானது அல்ல. இது சாகப்போகிற அணுவைக் காக்க, செத்ததை எழுப்ப அல்ல. உண்மையை மறைத்து ஆறுதல் சொல்ல எனக்கு மனமில்லை.

ஆனால் அவருக்கு வழி இல்லை என்று அர்த்தமில்லை. வேலூர் சி.எம்.சி. டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் வாகன விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். 1966-இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையத்துக்கு அவரே காரணம். தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தை 1981-இல் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கல்லூரி நாளில் கடற்படைத் தேர்வில் விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். ஆய்க்குடி உங்களுக்குத் தூரமில்லை, ஒருமுறை தம்பியை அழைத்துப் போங்கள்.

வீட்டில், படுத்திருக்கும்போது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். நாற்காலியில் இருந்தால் அடிக்கடி கையை ஊன்றி இடுப்பைத் தூக்கச் சொல்லுங்கள். தினமும் குதிகாலையும் பின்புறத்தையும் கண்ணாடி வைத்துப் பாருங்கள், சிவந்து அழுத்தினாலும் வெளுக்காத இடம் புண்ணின் தொடக்கம். சிறுநீரைக் குழாய் வைத்து நேரப்படி எடுக்கக் கற்றுக்கொண்டால் சிறுநீரகம் பிழைக்கும். தண்டுவட நோயாளிகளை இந்த நாட்டில் கொல்வது பெரும்பாலும் படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும்தான். இரண்டையும் தடுக்கலாம்.

ஆட்டோ ஓட்டுநர், குளச்சல்: ஒரு கிளினிக்கில் ஸ்டெம்செல் ஊசியும் ‘ஆர்.என்.ஏ. டிரிப்பும்’ போட்டால் கால் வந்துவிடும் என்று லட்சக்கணக்கில் கேட்கிறார்கள். போடலாமா?

வேண்டாம். இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐ.சி.எம்.ஆர்.) 2017 வழிகாட்டுதல்படி, சில ரத்த நோய்கள் போன்ற அங்கீகரிக்கப்பட்டவை தவிர, ஸ்டெம்செல் சிகிச்சை எல்லாம் ஆராய்ச்சியே. பதிவு செய்த ஆராய்ச்சியில் நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. பணம் கேட்டால் அது ஆராய்ச்சி அல்ல, சிகிச்சையும் அல்ல. அந்தப் பணத்தில் நல்ல சக்கர நாற்காலியும் தண்ணீர் மெத்தையும் வாங்குங்கள்.

வாசகர், அகஸ்தீஸ்வரம்: பீடியை விட்டால் பெருந்தமனி வீங்காதா?

வீங்கும் வாய்ப்பு பெரிதும் குறையும். நம் கையில் இருக்கிற காரணங்களில் புகைதான் முதலிடம், அடுத்தது ரத்த அழுத்தம். பிரஷர் மாத்திரையை அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறது, விடாமல் போடுங்கள். 65 வயது தாண்டிய, எப்போதாவது புகைத்த ஆண்கள் வயிற்றுக்கு ஒரேயொரு ஸ்கேன் எடுத்துப் பார்ப்பது நல்லது. வயிற்றுப் பெருந்தமனி 5.5 செ.மீ. ஆகும் முன் கண்டுபிடித்தால் நிதானமாகத் திட்டமிட நேரம் கிடைக்கும்.

மருமகள், வடசேரி: அடுத்த மாதம் எங்க மாமாவுக்குத் திருவனந்தபுரத்தில் பெருந்தமனி ஆபரேஷன். டாக்டரிடம் என்னென்ன கேட்க வேண்டும்?

வீக்கம் எந்த இடத்தில், எவ்வளவு அகலம், திறந்து செய்வதா தொடை வழியாக ஸ்டென்ட் வைப்பதா என்று கேளுங்கள். மாமாவுக்குத் தண்டுவட ஆபத்து எந்த அளவு என்று நேரடியாகக் கேளுங்கள், சங்கடப்பட வேண்டாம். திரவக் குழாய் வைப்பார்களா, கால் நரம்பின் மின் சமிக்ஞையை ஆபரேஷன் நடக்கும்போதே கண்காணிப்பார்களா, இரண்டு கட்டமாகச் செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். வீட்டில் போடும் பிரஷர் மாத்திரைகளை எழுதிக் கொடுங்கள். ஆபரேஷன் முடிந்ததும் பழைய டோஸை நீங்களாகவே கொடுத்துவிடாதீர்கள். அழுத்தம் இறங்கினால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தீர்கள்.

ஐ.சி.யு.வில் மாமாவின் முதுகிலிருந்து நூல் கனத்தில் ஒரு குழாய் தோள் வழியே பிளாஸ்டரால் ஒட்டப்பட்டு, கட்டில் பக்கம் கம்பியில் தொங்கும் ஒரு சிறு அறைக்குப் போகும். அந்த அறை எந்த உயரத்தில் இருக்கிறதோ அதைப் பொறுத்துத்தான் திரவம் சொட்டும். ஒரு மணி நேரத்துக்கு இத்தனை மில்லி என்று அளந்து வடிக்கிறார்கள். அதிகம் வடிந்தால் மூளையில் ரத்தக் கசிவு வரலாம். எனவே “மாமா, கொஞ்சம் சாய்ஞ்சு உக்காருங்க” என்று கட்டிலின் தலைப்பக்கத்தை நீங்களே உயர்த்திவிடாதீர்கள், நர்ஸைக் கூப்பிடுங்கள். தண்ணீர் கேட்டாலும் அப்படியே.

பார்க்க விடும்போதெல்லாம், எப்படி இருக்கீங்க என்று கேட்ட பிறகு, இரண்டு பெருவிரலையும் ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள்.